பங்க்கில் வேலை நடக்கிறது: கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

பாடி மேம்பாலத்தைத் தாண்டி அம்பத்தூர் நோக்கிப் போகும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில்தான் மண்ணூர்பேட்டை இருக்கிறது. தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகள், கம்பெனி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், ஷிப்ட் முடிந்து திரும்பும் இரு சக்கர வண்டிகள் என்று நாள் முழுவதும் ஓட்டம் ஓயாத சாலை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கைச் சுற்றித் தகரம் அடைத்து விட்டால், பக்கத்துக் கடைகளுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். டீக்கடையில் வடை மிஞ்சும். பஞ்சர் ஒட்டுபவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆயில் கடைக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் வருகிற ஆட்கள் குறைவார்கள். பங்க் என்பது ஒருவர் கடை என்றாலும், அதன் வாசலை நம்பிப் பிழைக்கும் கடைகள் பத்து இருக்கும்.

நம் அன்பர்களில் பெரும்பாலோர் பங்க் நடத்துபவர்கள் அல்லர். ஆயினும் பங்க் சீரமைப்பைப் பாடமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கடையில் தரை மாற்றுவதையும், கூரை போடுவதையும், தராசைப் பழுது பார்ப்பதையும் நாம் கொத்தனார் வந்த நாளில், கையில் பணம் இருக்கும் அளவில் செய்துகொள்கிறோம். பங்க்காரர் அப்படிச் செய்ய முடியாது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதில் அவருக்குச் சட்டமும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, பெட்ரோலின் குணமும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அந்த வரிசையைக் கவனித்தால் நம் கடை வேலைக்கும் உதவும்.

எதற்காக இவ்வளவு வேலை?

பழைய பங்க்கை விட்டுவிட்டு வேறு இடத்தில் புதிதாக வைப்பது இப்போது எளிதல்ல. பள்ளிக்கூடம், 10 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து புதிய பங்க் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எவ்வளவு இடநெருக்கடி இருந்தாலும் 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. வீடும் பட்டறையும் கலந்து கிடக்கும் நம் பகுதியில் அப்படி ஒரு மனை கிடைப்பது அரிது. ஆகவே இருக்கிற இடத்திலேயே தோண்டி, மாற்றி, உயர்த்திக் கட்டுகிறார்கள்.

இன்னொரு காரணம் எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் அறிமுகமாகி, பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. முன்பெல்லாம் டேங்க்கில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் அது தனியாக அடியில் தங்கும், உறிஞ்சி எடுத்துவிடலாம். எத்தனாலோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரு சிறு அளவு வரை கலந்தே நிற்கும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தனிப் படலமாகிவிடும். மேலே நிற்கும் பெட்ரோலும் கெடும், அடியில் இருப்பது வண்டிக்குப் போனால் வண்டியும் நிற்கும். ஆகவே மூடி, குழாய் இணைப்பு, நிரப்பும் வாய் எதிலும் மழைநீர் புகக்கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து பட்டறைகள் முடங்கியதை நாம் கண்ணால் பார்த்தோம். தரையை உயர்த்துவது இப்பக்கத்துப் பங்க்குக்கு அழகு வேலை அல்ல.

மண்ணுக்குள் இருக்கும் டேங்க்

பங்க்கில் நம் கண்ணுக்குத் தெரிவது பம்பும் கூரையும்தான். சரக்கு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 20,000 லிட்டர் பிடிக்கும் படுக்கை உருளை டேங்க் சாதாரணமாகக் காணப்படுவது. அதில் வேலை தொடங்கும்போது முதலில் சரக்கைத் தீர்ப்பார்கள். தீர்ந்ததும் ஆபத்து நீங்கியது என்று நினைப்பது தவறு. உண்மையில் நிறைந்த டேங்க்கைவிடக் காலியான டேங்க்தான் பயங்கரமானது.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி நூற்றுக்குச் சுமார் ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை இருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்க்கில் காற்றுக்கு இடமே இல்லை. காலி டேங்க்கிலோ ஆவியும் காற்றும் அந்த அளவில் கலந்து நிற்க வாய்ப்பு உண்டு. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே பறந்து போகாது. பள்ளத்திலும், கால்வாயிலும், தோண்டிய குழியிலும் தேங்கும். டேங்க்கின் காற்றுக் குழாயைத் தரையிலிருந்து 4 மீட்டருக்குக் குறையாமல் உயர்த்தி, வாயில் கம்பி வலை போட்டு வைத்திருப்பது இதனால்தான்.

ஆகையால் டேங்க்கைக் காலி செய்து, ஆவியை முற்றாக வெளியேற்றி, தகுதியுள்ளவர் கருவி வைத்துச் சோதித்து, ஆவி இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அதன் மேல் வெல்டிங், கட்டிங் வேலை நடக்க வேண்டும். வளாகத்தில் எதை இடம் மாற்றுவதானாலும் உரிமத்தோடு இணைந்த வரைபடத்தை மாற்றி முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தின் கீழ் வந்த 2002ஆம் ஆண்டு விதிகள் இதைச் சொல்கின்றன. அனுமதி தருவது நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. பழைய அன்பர்கள் இன்றும் ‘எக்ஸ்புளோசிவ் ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

காலி டேங்க்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. மண்ணில் தண்ணீர் ஊறி மட்டம் உயர்ந்தால் அது மிதக்கப் பார்க்கும். 20,000 லிட்டர் டேங்க்கைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்தால் சுமார் 20 டன் விசை அதை மேலே தள்ளும். டேங்க்கின் சொந்த எடையோ ஒரு சில டன்தான். கான்கிரீட்டில் பட்டை போட்டுக் கட்டியிராவிட்டால், மேலே உள்ள மண்ணையும் தரையையும் பெயர்த்துக்கொண்டு எழும்பிவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் டேங்க் குழி தோண்டுவதை விவரம் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தை பிறந்து, மண் காய்ந்த பிறகே கை வைப்பார்கள்.

நம் கடைகளில் பெட்ரோல் டேங்க் இல்லை; ஆனால் தண்ணீர்ச் சம்பும் கழிவுநீர்த் தொட்டியும் உண்டு. நாள்பட மூடிக் கிடந்த சம்பில், மூடியைத் திறந்தவுடன் ஆளை இறக்கி உயிரைப் பறிகொடுத்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “ஐந்து நிமிட வேலைதானே, இறங்கப்பா” என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்புகிறவர் நம்மில் இருக்கக்கூடாது.

மூடுவதா, பாதி திறப்பதா?

இரண்டு மேடை உள்ள பங்க்கில் ஒரு மேடையை அடைத்து மறு மேடையில் விற்பது வழக்கம். கேட்பதற்கு நல்ல யோசனைதான். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வெல்டிங் நடக்கும் நேரத்தில் விற்பனை நின்றாக வேண்டும். வண்டி உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனியாகக் கிடைக்க வேண்டும். இல்லையேல் வரிசை நெடுஞ்சாலையில் நிற்கும், பின்னால் வரும் லாரிக்குத் தெரியாது. டேங்கர் லாரி சரக்கு இறக்க வந்து நிற்கவும் இடம் வேண்டும். இம்மூன்றும் அமையாவிட்டால் நான்கு நாள் முழுக்க மூடி வேலையை முடிப்பதே மேல். இருபது நாள் பாதி திறந்து வைத்து, தூசியிலும் நெரிசலிலும் வாடிக்கையாளரை வெறுப்பேற்றுவதைவிட அதில் நஷ்டம் குறைவு.

எப்படிச் செய்தாலும் முன்கூட்டிச் சொல்வதுதான் முக்கியம். பங்க் வியாபாரத்தில் ரொக்கத்துக்கு நிரப்பிப் போகிறவர் ஒரு ரகம். மாதக் கணக்கில் சீட்டு கொடுத்து டீசல் பிடிக்கும் லாரி உரிமையாளர், கம்பெனி வண்டிக்காரர் வேறு ரகம். முதல் ரகத்தார் பங்க் திறந்தால் தாமே வருவார்கள். இரண்டாம் ரகத்தார் ஒரு முறை வேறு இடத்தில் கணக்குத் திறந்துவிட்டால் எளிதில் திரும்ப மாட்டார்கள்.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஹார்டுவேர் கடையில் தரை மாற்ற 11 நாள் மூடினேன். வாசலில் ஒரு அட்டை மட்டும் தொங்கவிட்டேன். மாதக் கணக்கில் போல்ட், நட்டு, வெல்டிங் ராடு எடுத்துக்கொண்டிருந்த ஒரு பட்டறை, மூன்றாம் நாள் அடுத்த தெருக் கடைக்குப் போனது. அவர்களுக்கு இயந்திரம் நிற்கிறது. என் டைல்ஸ் காயும் வரை காத்திருக்க முடியுமா? மூடும் முன்பு அந்த முதலாளியை நேரில் பார்த்து, “இந்த 11 நாளும் சரக்கைக் குடோனிலிருந்து கொடுக்கிறேன் ஐயா” என்று சொல்லியிருந்தால் கணக்கு கைவிட்டுப் போயிருக்காது. இன்றுவரை அந்தக் கணக்கு திரும்பவில்லை. பங்க்காரர்களில் கெட்டிக்காரர், வேலை தொடங்கும் முன்பே கணக்குக்காரர் ஒவ்வொருவரிடமும் தேதி சொல்லி, பக்கத்தில் அதே கம்பெனிப் பங்க் எது என்றும் சொல்லி அனுப்புவார். சில நாள் விற்பனை போகும், உறவு போகாது.

பக்கத்துக் கடைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். டீக்கடைக்காரர் பால் அளவைக் குறைத்துக்கொள்வார், பஞ்சர் கடைக்காரர் ஊருக்குப் போய் வருவார். அதில் நமக்குச் செலவு ஒன்றுமில்லை.

முத்திரை: இக்கட்டுரையின் முக்கியப் பகுதி

சீரமைப்பு முடிந்து புதுப் பெயின்ட் மின்னும். விற்பனை தொடங்கலாமா? கூடாது. பம்பை இடம் மாற்றியிருந்தால், கழற்றி மீண்டும் பொருத்தியிருந்தால், முந்தைய முத்திரைக்கு இன்னும் எட்டு மாதம் உயிர் இருந்தாலும் அது செல்லாது. நிறுவிய இடத்திலேயே சோதித்து முத்திரையிட்ட அளவுக் கருவி எதுவானாலும், அதைக் கழற்றி மறுபடி பொருத்தினால் மறுபடி சரிபார்த்து முத்திரை பெற வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு; முத்திரை ஆய்வாளர் வந்து பார்ப்பார்.

அவர் சோதிக்கும் விதத்தை அறிந்துகொள்வது நல்லது. 5 லிட்டர் பிடிக்கும் உலோக அளவி கொண்டு பார்ப்பார்கள். அந்த அளவியும் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். முதலில் ஒரு முறை நிரப்பிக் கவிழ்த்து, உட்பக்கத்தை நனைத்துக்கொண்ட பிறகே அளப்பார்கள். காய்ந்த பாத்திரத்தில் அளந்தால் சுவரில் ஒட்டும் சரக்கு அளவைக் குறைத்துக் காட்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு மேல் கூடாது. 25 மில்லி என்பது ஐந்து தேக்கரண்டி அளவுதான். ஆனால் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் விற்கும் பங்க் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அது 50 லிட்டர்! குறைவாகக் காட்டினால் ஊருக்கு நஷ்டம், கூடுதலாகக் காட்டினால் முதலாளிக்கு நஷ்டம்.

குழாய் வேலை நடந்த பங்க்கில் முதலில் காற்றுதான் வரும். காற்று முற்றாக நீங்கும்வரை சரக்கை இறைத்து, அதே டேங்க்கில் திரும்ப ஊற்றி, ஊற்றிய அளவைக் கணக்கில் எழுதிய பிறகே அளவு பார்க்க வேண்டும். அவசரப்பட்டு விற்கத் தொடங்கினால் முதல் நாளே சண்டை வரும். பம்பு காட்டும் எண்ணுக்கும் வண்டி டேங்க்கில் ஏறியதற்கும் பொருந்தவில்லை என்று ஒருவர் கூச்சல் போட்டால் போதும், “அந்தப் பங்க்கில் அளவு குறைகிறது” என்ற பேச்சு மேம்பாலம் தாண்டிப் போய்விடும். அந்தப் பேச்சைத் துடைக்க எந்த ஆய்வாளர் சான்றும் போதாது. வாடிக்கையாளர் கேட்டால் 5 லிட்டர் அளவியில் பிடித்துக் காட்ட வேண்டியது பங்க்காரர் கடமை. முகம் சுளிக்காமல் காட்டுகிறவருக்கு அது நல்ல விளம்பரம்.

சரி, நமக்கு வருவோம். மேசை மேல் வைக்கும் மின்னணுத் தராசை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்தினால் புது முத்திரை வேண்டியதில்லை. ஆனால் பழுது பார்க்கத் திறந்து, ஈய முத்திரை அறுந்துவிட்டால், அந்த நிமிடம் முதல் அது முத்திரையில்லாத தராசுதான். பழுது பார்ப்பவரும் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். “நம்ம பையன்தான் சார், அஞ்சு நிமிஷத்தில் சரி பண்ணிடுவான்” என்று வருபவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். லாரி எடைமேடை வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பங்க் பம்புக்குரிய விதி அப்படியே பொருந்தும்: கழற்றிப் பொருத்தினால் மறு முத்திரை. கால எல்லையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எடைக் கற்கள், படி, மீட்டர் கோல், கைத்தராசு ஆகியவற்றுக்கு 2 ஆண்டு. மின்னணுத் தராசுக்கு 1 ஆண்டு.

புதுத் தரை போட்டவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். தண்ணீர் வழிய வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். அதன் மேல் மேசை, மேசை மேல் தராசு. தராசின் மூலையில் உள்ள நீர்மட்டக் குமிழி வட்டத்துக்கு நடுவில் நிற்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? என் கடையில் தரை மாற்றிய பின் குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு வாரம் அப்படியே ஆணியை நிறுத்திருக்கிறோம். கால் திருகைத் திருகிச் சரி செய்தபின் எடையில் வித்தியாசம் தெரிந்தது.

டேங்க்கின் இருப்பை அளப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கோல் விட்டுப் பார்க்கிறார்கள் அல்லவா? படுக்கை உருளையில் பாதி உயரம் நனைந்தால் பாதிச் சரக்கு உண்டு. ஆனால் கால் உயரம் நனைந்தால் கால் பங்கு இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆகவேதான் ஒவ்வொரு டேங்க்குக்கும் தனி அளவுப் பட்டியல் வைத்திருப்பார்கள். டேங்க்கை எடுத்து வைக்கும்போது சாய்ந்துவிட்டால் பழைய பட்டியல் பொய் சொல்லும். எண்ணெய் வியாபாரிகள் படுக்க வைத்த பீப்பாயைக் கண்ணால் பார்த்து இருப்பு எழுதும்போது இந்தக் கணக்கை நினைவில் கொள்ளலாம். மாதக் கடைசியில் ‘எங்கே போனது?’ என்று பையனைச் சந்தேகப்படும் முன்பு பீப்பாயின் வடிவத்தைச் சந்தேகப்படுங்கள்.

தலைக்கு மேல் உள்ளது

மழை வந்தால் இரு சக்கர வண்டிக்காரர்கள் ஒதுங்கும் இடம் பங்க் கூரை. அதனால் அந்தக் கூரையின் கீழ் எந்நேரத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. 2023 செப்டம்பர் 29 மாலை சென்னை சைதாப்பேட்டையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் மேல் ஒரு பங்க்கின் கூரை சாய்ந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புழுதிக் காற்றிலும் மழையிலும் ஒரு ராட்சத விளம்பரப் பலகை பங்க் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அந்தப் பலகை அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு பெரியது.

கூரை வேலை என்றால் தகடு மாற்றி, விளக்குப் போட்டு, பெயின்ட் அடிப்பது என்று எண்ணிவிடுகிறோம். பார்க்க வேண்டியது தூணின் அடி. தரையை ஒன்றரை அடி உயர்த்தும்போது தூணின் அடித்தகடும் போல்ட்டும் மண்ணுக்குள் புதைந்துவிடும். பிறகு துருப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. மேலே மழைநீர் வடியும் குழாய் அடைபட்டால் தேங்கும் நீரின் எடை தூணுக்கு வரும். ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 100 கிலோ. நம் கடை வாசலில் தகரப் பந்தலை நீட்டி, அதன் மேல் பெயர்ப் பலகையை நிறுத்தியிருப்பவர்கள் அந்தப் பலகைக்குக் காற்று எவ்வளவு அடிக்கும் என்று கட்டிடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெல்டரிடம் கேட்டால் அவர் “தாங்கும் சார்” என்றுதான் சொல்வார்.

கணக்கில் ஒரு விஷயம்

பெட்ரோல், டீசல் 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி.க்கு வெளியே உள்ளன. எனவே பங்க்காரர் சீரமைப்புக்காகக் கட்டும் ஜி.எஸ்.டி.யை எரிபொருள் விற்பனையில் கழித்துக்கொள்ள வழியில்லை. அது முழுக்கச் செலவுதான். நம் நிலைமை வேறு. வரி விதிக்கத்தக்க சரக்கு விற்கும் கடையில் கட்டிடச் சீரமைப்புச் செலவைச் சொத்தாகக் கணக்கில் ஏற்றினால், அந்த அளவுக்கு உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. பழுதுபார்ப்புச் செலவாக அவ்வாண்டுக் கணக்கில் எழுதினால் கழிக்க இடமுண்டு. எது சொத்து, எது பழுது என்பது வேலையின் தன்மையைப் பொறுத்தது. நம் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. வேலை முடிந்த பிறகு பில்லோடு ஆடிட்டரிடம் ஓடாமல், மதிப்பீடு வாங்கிய நாளிலேயே காட்டிவிட்டால் பில்லைத் தனித்தனியாக வாங்கலாம். ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழை பார்க்கும்வரை நிறுத்தி வைப்பதாக முன்பே எழுதிக்கொள்வதும் வழக்கத்தில் உள்ளதுதான்.

திறக்கும் நாளில்

தகரத்தைப் பிரிக்கும் முன்பு பங்க்கில் செய்ய வேண்டியவை சில உண்டு. தீயணைப்புக் கருவிகளும் மணல் வாளிகளும் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தனவா, வேலையாட்கள் எதையாவது எடுத்து வாசலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முத்திரைச் சான்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டப்பட வேண்டும். காற்றடிக்கும் கருவியும் குடிநீரும் முதல் நாளே ஓட வேண்டும். வேலை முடிந்தும் இரண்டு மாதம் ‘காற்று இல்லை’ என்ற பலகை தொங்கும் பங்க்குகளை நாம் பார்த்திருக்கிறோம். புதிதாக இடம் மாறிய பம்புகளில் பெட்ரோல் எது, டீசல் எது என்று வேலை செய்யும் பிள்ளைகளுக்கே இரண்டு நாள் கை தடுமாறும். அந்த இரண்டு நாளும் அனுபவமுள்ள ஒருவர் மேடையிலேயே நின்று, ஒவ்வொரு வண்டிக்கும் “பெட்ரோலா, டீசலா? ஜீரோ பார்த்துக்குங்க” என்று வாய்விட்டுச் சொல்லும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.